மெஸ்த்ரேயில் தங்கினால் வெனிஸுக்குள் நுழையக் கட்டணம் உண்டா?

கேள்வி: ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை காலை வெனிஸ் சேர்ந்து, ஞாயிறு மாலை கிளம்புகிறோம். நானும் கணவரும், மாமனார், மாமியார், 16 வயது மகன், 11 வயது மகள் என்று ஆறு பேர். வெனிஸுக்குள் விலை அதிகம் என்பதால் மெஸ்த்ரேயில் ஹோட்டல் போட்டிருக்கிறோம். இப்போது ஊருக்குள் நுழையவே கட்டணம் என்கிறார்கள். எங்கள் டிராவல்ஸ்காரர் ஆளுக்கு 25 யூரோ கொடுத்தால் ‘வெனிஸ் என்ட்ரி பாஸ்’ எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். முரானோ கண்ணாடித் தீவுக்கு இலவசப் படகு ஏற்பாடு செய்வதாக ஹோட்டலிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. இரண்டையும் ஏற்கலாமா? (கோவை வாசகி)

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் ஹோட்டல் உண்மையிலேயே மெஸ்த்ரேயில் இருந்தால், நுழைவுக் கட்டணமாக நீங்கள் ஒரு சென்ட் கூடத் தர வேண்டியதில்லை. ஆனால் ‘கட்டத் தேவையில்லை’ என்று சும்மா போய் நிற்கவும் முடியாது. கட்டத் தேவையில்லை என்பதற்கே ஒரு சீட்டு எடுக்க வேண்டும். அந்தச் சீட்டு இலவசம்.

வெனிஸ் நகராட்சி இந்தக் கட்டணத்தை 2024-ல் கொண்டுவந்தது. முதல் ஆண்டில் 29 நாட்கள், 2025-ல் 54 நாட்கள். கூட்டம் அதிகம் வரும் ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான மாதங்களில், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த நாட்களிலும் காலை 8.30 முதல் மாலை 4 மணி வரைதான். எந்தெந்த நாள் என்ற பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நகராட்சியின் தளத்தில் காலண்டரே போட்டிருப்பார்கள், கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள். பகலில் வந்து, ஊரைப் பார்த்துவிட்டு, இரவு வேறு ஊரில் தூங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டணம். முன்கூட்டியே கட்டினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 யூரோ. கடைசி மூன்று நாட்களுக்குள் கட்டினால் 10 யூரோ. 14 வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். நீங்கள் கட்ட வேண்டியவர்களாகவே இருந்தாலும் மகளைக் கழித்து ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 25 யூரோ. உங்கள் டிராவல்ஸ்காரர் ஒரு ஆளுக்கே அதைக் கேட்கிறார். கட்டணமே இல்லாத 11 வயதுப் பிள்ளையையும் சேர்த்து 150 யூரோ. இந்தப் ‘பாஸ்’ எந்த அரண்மனைக்கும், எந்தத் தேவாலயத்துக்கும், எந்தப் படகுக்கும் செல்லாது. வரிசையில் முந்திப் போகவும் உதவாது. வெறும் ஒரு க்யூஆர் சதுரம். அதைப் பத்து நிமிடத்தில் நீங்களே எடுக்கலாம்.

இனி மெஸ்த்ரே விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

வெனிஸ் என்றால் தண்ணீருக்கு நடுவில் இருக்கும் ஊர் மட்டும் என்று நினைக்கிறோம். நகராட்சிக் கணக்கில் அப்படி இல்லை. நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரே, மார்கேரா, விமான நிலையம் இருக்கும் தெஸ்ஸேரா, லிடோ, முரானோ எல்லாம் ஒரே வெனிஸ் நகராட்சிதான். இதன் எல்லைக்குள் இரவு தங்குபவர்கள் ஹோட்டலில் சுற்றுலாத் தங்கல் வரி கட்டுகிறார்கள். அதனால் அவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மெஸ்த்ரே ஹோட்டல்காரர் கணக்குத் தீர்க்கும்போது அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கேட்பார். அதுதான் அந்தத் தங்கல் வரி. ‘நுழைவுக் கட்டணம்தான் இல்லையே’ என்று அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அது வேறு, இது வேறு.

சிக்கல் எங்கே வருகிறது? ஹோட்டலின் பெயரில் ‘வெனிஸ்’ இருக்கும், ‘வெனிஸ் ஏர்போர்ட்’ என்று இருக்கும். கட்டடம் நிற்பதோ பக்கத்து நகராட்சியில். மொல்யானோ வெனெட்டோ, குவார்ட்டோ தால்டினோ, மார்கோன், ஸ்பினேயா, மிரா எல்லாம் அந்த ரகம். மெஸ்த்ரேக்குப் பத்து, இருபது நிமிடத் தூரம்தான். ஆனால் அங்கே தங்கினால் நீங்கள் நகராட்சிக்கு வெளியே, கட்டணம் கட்டத்தான் வேண்டும். முகவரியின் கடைசியில் ‘விஇ’ (VE) என்ற இரண்டெழுத்து இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மாவட்டக் குறி. ஸ்பினேயாவுக்கும் மிராவுக்கும் அதே குறிதான். பார்க்க வேண்டியது ஊர்ப்பெயரையும் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணையும். வெனிஸ் நகராட்சியின் எண்கள் 301 என்று தொடங்கும். மெஸ்த்ரே ரயில் நிலையம் அருகே வியா பியாவே தெருவில் ஒரு ஹோட்டல் என்றால் 30171. மார்கேரா 30175. உங்கள் புக்கிங் தாளில் 30020, 30034, 30038, 31021 என்று ஏதாவது இருந்தால் அது பக்கத்து நகராட்சி. புக்கிங் தளத்தின் வரைபடத்தை நம்ப வேண்டாம், ஹோட்டல் அனுப்பிய உறுதிச் சீட்டில் உள்ள முகவரியைப் பாருங்கள்.

எண் 301-ல் தொடங்குகிறதா? அப்படியென்றால் வெள்ளி காலை நீங்கள் வந்து சேரும் நாளும், ஞாயிறு அறையைக் காலி செய்யும் நாளும் சேர்த்தே விலக்கு உண்டு. ‘வெள்ளிக்கிழமை இன்னும் செக்-இன் செய்யவில்லையே, அன்றைக்கு மட்டும் கட்டிவிடலாமா’ என்று நினைத்து அநாவசியமாகப் பணம் கட்டாதீர்கள். மாறாக, திட்டம் மாறி சனி இரவை மட்டும் வெளியூரான படோவாவில் கழித்துவிட்டு ஞாயிறு திரும்ப வெனிஸுக்குள் வந்தால், அந்த ஞாயிற்றுக்குக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு நாளும் தனிக் கணக்கு.

சீட்டு எடுக்கும் முறை இதுதான். நகராட்சியின் தளம் ‘சிடிஏ டாட் விஇ டாட் ஐடி’ (cda.ve.it). முகவரிப் பட்டையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் தேடினால் மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் இடைத்தரகர்களின் தளங்கள். நகராட்சித் தளம் போலவே நிறமும் சிங்கச் சின்னமும் வைத்துக்கொண்டு ‘சேவைக் கட்டணம்’ சேர்த்து வாங்குவார்கள். உண்மையான தளத்தில் கட்டணம் செலுத்துவது ஒரு வழி, விலக்குக் கோருவது ஒரு வழி. நீங்கள் விலக்குப் பக்கம் போய், தங்கும் விடுதி விருந்தினர் என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து, தேதிகளையும் விடுதி விவரத்தையும் பெயர்களையும் நிரப்புங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தந்தை பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்ற நம் ஊர்க் குழப்பத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். மின்னஞ்சலுக்கு க்யூஆர் வரும். அதைக் கைபேசியில் படமாகச் சேமித்து, இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். மாமனார், மாமியார் தனியே பின்தங்கி வந்தால் அவர்கள் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். மகளுக்கு வயதைக் காட்டப் பாஸ்போர்ட் நகல் போதும். மகனுக்கு 16, அவனுக்கும் சீட்டு வேண்டும்.

சான்டா லூசியா ரயில் நிலைய வாசலிலும் பியாட்சாலே ரோமா பேருந்து நிலையத்திலும் சோதனை இருக்கும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் 50 முதல் 300 யூரோ வரை அபராதம். வெனெட்டோ மாநிலத்தவர், மாணவர், வேலைக்கு வருபவர் என்று இன்னும் நீளமான விலக்குப் பட்டியல் இருக்கிறது. உங்களைச் சேராது, விட்டுவிடுங்கள்.

இத்தாலியில் ஒவ்வொரு ஹோட்டலும் தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரத்தையும் காவல்துறைக்கு அனுப்பியாக வேண்டும். தங்கல் வரியை இதே நகராட்சிக்குத்தான் கட்டுகிறது. இரவுக்கு இரவு யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது அரசாங்கத்துக்கு இரண்டு வழியாகத் தெரியும். இருந்தும் விருந்தாளி மூன்றாம் முறையாக ஒரு படிவம் நிரப்பி ‘நான் உங்கள் ஊரில்தான் தூங்குகிறேன்’ என்று சொல்ல வேண்டுமாம். கட்ட வேண்டியவர்களைவிடக் கட்டத் தேவையில்லாதவர்களுக்கு வேலை அதிகம். படிவம் என்ற ஒன்று இருக்கும் இடமெல்லாம் அதை நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் முளைக்கத்தான் செய்வார்.

அடுத்தது இலவசப் படகு. வெனிஸில் தண்ணீர் டாக்சி மகா விலை. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரவே நூறு யூரோவுக்கு மேல். அப்படிப்பட்ட படகு உங்களை வரவேற்று இலவசமாக முரானோவுக்குக் கூட்டிப் போகிறது என்றால் அதன் செலவை யாரோ தருகிறார்கள். தருவது கண்ணாடிக் கடைக்காரர். நீங்கள் வாங்கும் பொருளின் விலையில் படகுக்காரருக்கும், ஆள் பிடித்துக் கொடுத்தவருக்கும் பங்கு சேர்ந்திருக்கும். படகு முரானோவின் பொதுப் படகுத்துறைக்குப் போகாது, தொழிற்சாலையின் சொந்தப் படித்துறையில் இறக்கும். உள்ளே உலையிலிருந்து ஒருவர் நீண்ட இரும்புக் குழாயில் பழுத்த கண்ணாடி உருண்டையை எடுத்து, இடுக்கியால் நாலு இழுப்பு இழுத்துக் குதிரை செய்து காட்டுவார். அதைப் பார்க்கவே போகலாம், அவ்வளவு அழகு. ஆனால் அது சில நிமிடம்தான். பிறகு மாடிக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு விற்பனையாளர் கூடவே நிற்பார். வேண்டாம் என்றால் விலை குறையும். மறுபடி வேண்டாம் என்றால் ‘உங்களுக்காக’ இன்னும் குறையும். பாதியாகக் குறைகிற விலை முதலில் என்ன விலையாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தால், திரும்பக் கொண்டுவிட வேண்டிய அந்த இலவசப் படகு காணாமல் போவதுண்டு.

முரானோவுக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரில் தீ பிடிக்கும் என்ற பயத்தில் 1291-ல் கண்ணாடி உலைகளை மொத்தமாக அந்தத் தீவுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அதுவே அவர்கள் தொழில். பொதுப் படகான வபொரெத்தோவில் போங்கள். ஊரின் வடகரையில் ஃபோன்டமென்தே நோவே துறையிலிருந்து 4.1 அல்லது 4.2 எண் படகில் பத்து நிமிடம். சான்டா மரியா இ சான் டொனாட்டோ தேவாலயத்தின் 12-ஆம் நூற்றாண்டு மொசைக் தரையைப் பார்க்காமல் வராதீர்கள். கண்ணாடி வாங்க ஆசையென்றால் ‘வெத்ரோ ஆர்டிஸ்டிகோ முரானோ’ என்ற முத்திரை ஒட்டிய கடையில் வாங்குங்கள். அது வெனெட்டோ மாநில அரசு பதிவு செய்த வணிகக் குறி. ரியால்டோ பாலத்தடியில் மூன்று யூரோவுக்குத் தொங்கும் கண்ணாடி மணியை அழகுக்காக வாங்கலாம். முரானோ என்று நம்பி வாங்காதீர்கள்.

படகுச் சீட்டிலும் கவனம் வேண்டும். ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஆறு பேருக்கு ஒரு நடை 57 யூரோ. நுழைவுக் கட்டணத்தில் தப்பிய உங்கள் மகள் இங்கே தப்ப மாட்டாள், 6 வயதுக்குக் கீழேதான் இலவசம். உங்கள் மூன்று நாள் திட்டத்தில் பெரியவர்களுக்கு 48 மணி நேரச் சீட்டு, 35 யூரோ. பிள்ளைகள் இருவருக்கும் 6 முதல் 29 வயதுக்காரர்களுக்கான ‘ரோலிங் வெனிஸ்’ அட்டையை எடுங்கள். அட்டை 6 யூரோ, அதோடு 72 மணி நேரச் சீட்டு 27 யூரோ, ஆக 33. பெரியவர்களின் இரண்டு நாள் விலையைவிடக் குறைவு. சீட்டை முதல் முறை கருவியில் தொடும் நொடியிலிருந்துதான் மணிக்கணக்கு ஓடும். வெள்ளி காலை ஹோட்டலுக்குப் போகும் அவசரத்தில் தொட்டுவிடாமல், மதியம் ஊருக்குள் கிளம்பும்போது தொட்டால் ஞாயிறு மதியம் வரை வரும். மெஸ்த்ரேயிலிருந்து பியாட்சாலே ரோமா போகும் பேருந்தும் டிராமும் இதில் அடக்கம். ரயிலும் விமான நிலையப் பேருந்தும் இல்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் துறையில் இருக்கும் கருவியில் ‘பீப்’ ஒலி வரும்வரை சீட்டை ஒற்ற வேண்டும். ‘பாஸ்தான் இருக்கிறதே’ என்று ஒற்றாமல் ஏறினாலும் அபராதம் போடுவார்கள்.

மாமனார், மாமியாருக்காக ஒன்று. வெனிஸில் பாலங்கள் நானூறுக்கு மேல், ஏறக்குறைய எல்லாமே படிகள். வரைபடத்தில் ஐந்து நிமிட நடை என்று காட்டுவது ஆறு பாலமாக இருக்கும். சான் மார்கோவுக்கு நடக்க வைக்காமல் 1-ஆம் எண் படகில் பெருங்கால்வாய் வழியே கூட்டிப் போங்கள். மெதுவாகப் போகும், அதுவே நல்லது.

கோண்டோலாவின் அதிகாரபூர்வ விலை பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 110. இது படகுக்கு, ஆளுக்கு அல்ல. ஒரு படகில் ஐந்து பேர்தான் ஏறலாம், நீங்கள் ஆறு பேர். ‘ஆறாவது ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், ஏற்றிக்கொள்கிறேன்’ என்றால் ஏறாதீர்கள். ஆறு பேரும் சேர்ந்து கோண்டோலாவில் உட்கார்ந்தோம் என்று இருக்க வேண்டுமானால் ‘திராகெத்தோ’ இருக்கிறது. கால்வாயைக் குறுக்கே கடக்க உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் பெரிய கோண்டோலா. சான்டா சோஃபியா துறையிலிருந்து எதிர்க்கரை ரியால்டோ சந்தைக்கு ஆளுக்கு 2 யூரோ. பயணம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. சில்லறையாகக் கொடுங்கள்.