குட்டி நோயோடு வந்தால் காசு திரும்புமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாய்க்குட்டி விவகாரம்தான்.

45,000 ரூபாவுக்கு லாப்ரடோர் குட்டி வாங்கினோம். நாலாம் நாள் சத்தி, இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு, ஆறாம் நாள் செத்துவிட்டது. விற்றவர் "நீங்கள் கண்டதையும் தீத்தியிருப்பீர்கள்" என்கிறார். (கொக்குவில்)

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) போலத்தான் இருக்கிறது. கிருமி தொற்றி 3 முதல் 7 நாளுக்குள் அறிகுறி காட்டுவதுதான் வழமை, ஆகவே விற்ற இடத்திலேயே தொற்றியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், "உங்கள் வளவில் முன்பு பார்வோ வந்த நாய் நின்றதா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் மிருக வைத்தியர். உங்கள் நீண்ட கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! குட்டியைக் காட்டாமல், செத்த பிறகும் பரிசோதிக்காமல் வளவுக்குள் தாட்டுவிட்டு என்னிடம் வழக்குக் கேட்டால் நான் எதை வைத்துப் பேச? எத்தனை தரம் எழுதிவிட்டேன்: வாங்கி இரண்டு நாளுக்குள் வைத்தியரிடம் காட்டுங்கள், அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். சட்டம் உங்கள் பக்கம்தான். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி குட்டியும் பொருளே (கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது), அதை விற்பதையே தொழிலாகச் செய்பவர் விற்கத்தக்க நிலையில் தர வேண்டும். சட்டம் இருந்தாலும் சாட்சி வேண்டுமே. இப்போது உங்களிடம் இருப்பது காசு அனுப்பிய சிட்டையும் வட்ஸ்அப் செய்தியும்தான். அவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வாங்கி 3 மாதம் முடியுமுன் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள்.

பற்றுச்சீட்டு தரவில்லை. (சாவகச்சேரி)

கேட்டீர்களா? வாங்குபவர் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். கேட்காமல் வந்துவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை.

நியூயோர்க்கில் இருக்கிற தம்பி, 14 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார். (நல்லூர்)

அது அந்த மாநிலத்துச் சட்டம், அங்கே பிறவிக் குறைக்கு 180 நாள்கூட உண்டு. இங்கே குட்டிகளுக்கென்று அப்படி நாள் கணக்கு இல்லை.

அயல் வீட்டாரிடம் வாங்கிய ஜேர்மன் ஷெப்பர்ட்டுக்கு 8 மாதத்தில் இடுப்பு மூட்டுக் குறை. (மானிப்பாய்)

பெரும்பாலும் பரம்பரையாக வருவது, ஐந்தாறு மாதம் போன பிறகே தெரியவரும். அவர் வியாபாரி இல்லை, வீட்டு நாய் ஈன்ற குட்டியைக் கொடுத்தவர். தெரிந்துகொண்டே பொய் சொன்னார் என்று காட்டினால் ஒழிய வழக்கு நிற்பது கஷ்டம். மத்தியஸ்த சபையில் பேசிப் பாருங்கள், வைத்தியச் செலவில் பாதியாவது ஏற்கலாம். அடுத்த முறை தாய் தகப்பனின் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசி அட்டையில் திகதி மட்டும் இருக்கிறது. ஏற்கலாமா? (பருத்தித்துறை)

வேண்டாம். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும், ஊசி போட்ட வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டும். குட்டியை இன்னும் எடுக்கவில்லை என்றால் முற்பணம் கொடுக்காதீர்கள். எடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு.