‘ஃபவுண்ட் அவுட்’டா, ‘இன்வென்டட்’டா?

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். தமிழ் வழியில் படித்து டிப்ளமோ முடித்தவன். எங்கள் லைனில் ஒரு பிராக்கெட்டை டிரில்லிங் ஃபிக்ஸரில் (துளை போடும்போது பார்ட்டைப் பிடித்துக்கொள்ளும் அமைப்பு) அடிக்கடி திருப்பி மாட்டிவிடுவார்கள். துளை தப்பான பக்கம் விழுந்து ரிஜெக்ட் ஆகும். இரண்டு பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம் என்று தெரிந்ததும், ஃபிக்ஸரில் ஒரு ‘பின்’ (சின்ன முளை) வைத்தால் போதும் என்று சொன்னேன். டூல்ரூமில் இருக்கும் அண்ணன் ஒருவர் வைத்துக் கொடுத்தார். இப்போது திருப்பி மாட்டினால் பார்ட் உட்காராது. இதைக் கைசன் (வேலைமுறையைச் சிறிது சிறிதாக மேம்படுத்துவது) போட்டிக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஐ ஃபவுண்ட் அவுட் எ நியூ மெத்தட்’ என்று எழுதினேன். சூப்பர்வைசர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ‘டிஸ்கவர்ட்’ என்று மாற்றினால் கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ‘இன்வென்டட்’ என்றால், “நீ என்ன எடிசனா?” என்கிறார்கள். போனில் தேடினால் சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. எதைத்தான் எழுதுவது?
— பெயர் வெளியிட வேண்டாம், ஓசூர்.

பதில்: உங்கள் சூப்பர்வைசர் அடித்தது சரி. ஆனால் ஏன் அடித்தார் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் விட்டதை நான் சொல்கிறேன்.

நீங்கள் செய்தது இரண்டு வேலை. ரிஜெக்ட் ஏன் ஆகிறது என்று பார்த்தது ஒன்று. ஆகாமல் இருக்க வழி செய்தது இன்னொன்று. நாம் இரண்டுக்கும் ‘கண்டுபிடிச்சேன்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். தொலைந்த சாவியையும் கண்டுபிடிப்போம், திருடனையும் கண்டுபிடிப்போம், ராக்கெட்டையும் கண்டுபிடிப்போம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வினைச்சொல் வேண்டும். உங்கள் சிக்கல் அவ்வளவுதான். அகராதியில் இருபது சொல் கிடைத்தாலும், எந்த வேலைக்கு என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் இருபதும் தப்பாகத்தான் விழும்.

‘ஃபைண்ட் அவுட்’ என்பதற்குப் பின்னால் ஒரு தகவல் வர வேண்டும். ஏன், எப்படி, யார், எப்போது என்ற கேள்விக்கான விடை. ‘ஐ ஃபவுண்ட் அவுட் வை த பார்ட்ஸ் வேர் ரிஜெக்டட்’ என்பது அருமையான வாக்கியம். மெத்தடை ‘ஃபவுண்ட் அவுட்’ செய்ய முடியாது. அதே ‘அவுட்’டை எடுத்துவிட்டு ‘ஐ ஃபவுண்ட் எ வே டு ப்ரிவென்ட் இட்’ என்று எழுதினால் சரியாகிவிடும். ஒரு சின்னச் சொல்தான். நம் ஊர் ஆங்கிலத்தில் அதிகம் இடறி விழும் இடம் இது.

‘டிஸ்கவர்’ என்றால், அந்தப் பொருளோ உண்மையோ உங்களுக்கு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான். 1928 பிப்ரவரியில் சி.வி. ராமன் கண்டது அப்படிப்பட்டது. ஒளி அவருக்கு முன்னாலும் அப்படித்தான் சிதறிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவருடைய 1930 நோபல் பரிசுக் குறிப்பில் ‘டிஸ்கவரி’ என்ற சொல் இருக்கிறது. 2014இல் நீல நிற எல்இடி விளக்குக்கு இயற்பியல் பரிசு கொடுத்தபோது ‘இன்வென்ஷன்’ என்று எழுதினார்கள். அது இயற்கையில் எங்கும் கிடக்கவில்லை. மூன்று பேர் உண்டாக்கினார்கள். ஆல்ஃபிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலே இந்த விஷயத்தில் கறார். இயற்பியலுக்கு டிஸ்கவரி அல்லது இன்வென்ஷன், வேதியியலுக்கு டிஸ்கவரி அல்லது இம்ப்ரூவ்மென்ட், மருத்துவத்துக்கு டிஸ்கவரி மட்டும். சொல்லுக்குச் சொல் பணம் பிரித்து வைத்துவிட்டுப் போன மனிதர்!

நீங்கள் வைக்கச் சொன்ன ‘பின்’ ஏற்கெனவே ஃபிக்ஸருக்குள் ஒளிந்திருக்கவில்லை. ஆகவே ‘டிஸ்கவர்ட்’ என்றதற்குச் சிரித்தவர்கள் மேல் கோபம் வேண்டாம்.

எடிசன் கேலிக்கு வருகிறேன். ‘இன்வென்ட்’ இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் அது உரிமை கொண்டாடும் சொல். உலகில் இதற்கு முன் இல்லாததை உண்டாக்கினேன் என்று அர்த்தம் தரும். தப்பாக மாட்டவே முடியாதபடி செய்யும் இந்த முறைக்கு உங்கள் தொழிற்சாலைச் சுவரிலேயே ‘போக்கா-யோக்கே’ என்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், பாருங்கள். 1960களில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். போட்டி நடுவர்களுக்கு அது மனப்பாடம். அவர்கள் முன்னால் ‘இன்வென்டட்’ என்று எழுதினால், நல்ல யோசனையும் பீற்றலாகத் தெரியும். பின்னால் என்றைக்காவது உண்மையிலேயே புதிதாக ஒன்று செய்து காப்புரிமைக்குப் போனால், அப்போது கூச்சப்படாமல் ‘இன்வென்ஷன்’ என்றே எழுதுங்கள். நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வெறும் டிஸ்கவரிக்கு உரிமை கிடையாது என்று சொல்கிறது.

சரி, உங்கள் தாளுக்கு என்ன சொல்? ‘டிவைஸ்’. ஒரு தேவைக்கு ஏற்றபடி யோசித்து ஒரு முறையையோ அமைப்பையோ திட்டமிட்டு உருவாக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அடக்கமாகவும் இருக்கும், உழைப்பையும் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: கருவியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் ‘சி’ எழுத்து வரும், வினைச்சொல்லில் ‘எஸ்’. உச்சரிக்கும்போது வினைச்சொல் ‘இசட்’ ஒலியில் முடியும். இறந்தகாலத்தைச் ‘சி’ போட்டு எழுதிய தாள்கள் ஏராளம். அதைத் தவிர்த்தாலே நீங்கள் பலரைத் தாண்டிவிடுவீர்கள்.

மேடையில் பேசும்போது ‘டிவைஸ்ட்’ கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அங்கே ‘ஐ கேம் அப் வித் எ சிம்பிள் ஐடியா’ என்று சொல்லுங்கள். எழுத்திலும் இது கெட்டுப்போகாது. ‘அப்’, ‘வித்’ இரண்டில் ஒன்றும் விழுந்துவிடக் கூடாது. நாலு நாள் மண்டையை உடைத்து விடை கண்டிருந்தால் ‘ஒர்க்ட் அவுட்’ என்று சொல்லலாம். டீக்கடையில் நிற்கும்போது பளிச்சென்று தோன்றியிருந்தால் ‘ஹிட் அப்பான்’. தேடாமலே தற்செயலாகக் காலில் தட்டுப்பட்டிருந்தால் ‘ஸ்டம்பிள்ட் அப்பான்’.

இந்த வித்தியாசங்களெல்லாம் ஒரே பொருளில் தெரிய வேண்டுமானால் அலுவலகத்தில் ஒட்டுகிற மஞ்சள் தாளைப் பாருங்கள். 1968இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை ஒன்று செய்யப் பார்த்தார். ஒட்டும், ஆனால் சுலபமாகப் பிய்ந்து வரும் பசைதான் கிடைத்தது. அவர் செய்தது ‘ஸ்டம்பிள்ட் அப்பான்’. அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் வருஷங்கள் ஓடின. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த அதே நிறுவனத்து ஆர்ட் ஃப்ரை, பாட்டுப் புத்தகத்தில் வைக்கும் அடையாளச் சீட்டுகள் கீழே விழுவதால் நொந்துபோயிருந்தார். அந்தப் பசையைத் தடவினால் என்ன என்று 1974இல் அவருக்குத் தோன்றியது. அது ‘ஹிட் அப்பான்’. பிறகு நிறுவனம் அதைப் பல வருஷம் சோதித்து, 1980இல் நாடு முழுக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ‘டெவலப்ட்’. மூன்றையும் ‘இன்வென்டட்’ என்று ஒரே சொல்லில் சுருட்டினால் கதையே போய்விடும்.

இனி, தொடக் கூடாத சொற்கள். உங்கள் போன் இவற்றையும் அதே வரிசையில் காட்டியிருக்கும், ஜாக்கிரதை. ‘குக்ட் அப்’, ‘மேட் அப்’, ‘கன்காக்டட்’ மூன்றிலும் கட்டுக்கதை வாடை அடிக்கும். ‘ஹேட்ச்ட்’ என்றால் ரகசியச் சதி. ‘கன்ட்ரைவ்ட்’ என்றால் செயற்கையாக ஒப்பேற்றியது போலத் தொனிக்கும். ‘ட்ரீம்ட் அப்’ விளையாட்டுத்தனம். ‘காயின்ட்’ புதுச் சொல்லுக்கும் சொற்றொடருக்கும் மட்டும். ‘கன்சீவ்ட்’ கௌரவமான சொல்தான். ஆனால் ‘ஐ கன்சீவ்ட்’ என்று நீங்கள் மேடையில் ஆரம்பித்தால் ஓசூரில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கைசன் தாளில் பெரும்பாலும் காரணத்துக்கு ஒரு கட்டமும் தீர்வுக்கு ஒரு கட்டமும் தனித்தனியாக இருக்கும். முதல் கட்டத்தில்: ‘ஐ ஃபவுண்ட் அவுட் தட் ஆபரேட்டர்ஸ் லோடட் த பிராக்கெட் த ராங் வே பிகாஸ் போத் சைட்ஸ் லுக் அலைக்.’ இரண்டாவதில்: ‘ஐ டிவைஸ்ட் எ சிம்பிள் போக்கா-யோக்கே: எ பின் இன் த ஃபிக்ஸர். த பார்ட் வில் நாட் சீட் இஃப் இட் இஸ் ரிவர்ஸ்ட்.’ அடுத்த வரியில் முன்பு மாதம் எத்தனை ரிஜெக்ட், இப்போது எத்தனை என்று எழுதுங்கள். நடுவர்கள் வினைச்சொல்லைவிட அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

டூல்ரூம் அண்ணனை மறந்துவிடாதீர்கள். அவர் செய்த வேலைக்கு ‘மேட் அண்ட் ஃபிட்டட்’ என்று தனி வினை இருக்கிறது. அவர் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் அதைப் போடுங்கள்.