அந்த 314 ரூபாய் தப்புக் கணக்கு இல்லீங்க

வணக்கமுங்க. உங்க அப்பாரு கண்டித் தோட்டத்துல இருந்து பெருந்துறைக்கு 1965-ல 200 இலங்கை ரூபாய் அனுப்புனப்ப ஆத்தா நோட்டுல வரவு நம்ம ரூபாய்ல 199, 1967 மார்ச்சுல அதே 200-க்கு 314; யாரோ திருத்தி எழுதிட்டாங்களோன்னு கேட்டிருக்கீங்க. திருத்தலைங்க.

1966 ஜூன் 6 வரைக்கும் நம்ம ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டுமே டாலருக்கு 4.76. அன்னிக்கு இந்தியா மதிப்பைக் குறைச்சு 7.50 ஆக்குச்சு, இலங்கை அசையலை. 7.50-ஐ 4.76-ஆல வகுங்க: 1.575 வரும். 200-க்கு 315. அந்த ஒரு ரூபாய் கமிஷனாத்தான் இருக்கணும், 1965 கணக்குலயும் அதே ஒண்ணு குறையுது பாருங்க.

இது ஒன்றரை வருசந்தான் நீடிச்சுது. 1967 நவம்பர்ல பிரிட்டிஷ் பவுண்டு மதிப்பு விழுந்ததும் இலங்கையும் தன் ரூபாயை 20 சதவீதம் குறைச்சு டாலருக்கு 5.95-க்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் வந்த 200-க்கு நோட்டுல 251, 252 மாதிரி இருக்கான்னு பாருங்க.

1968 மே மாசத்துக்கு மேல போனா இந்த வகுத்தல் அப்படியே ஒத்து வராதுங்க. அங்க அன்னியச் செலாவணிச் சான்றிதழ்னு ஒண்ணு கொண்டு வந்து, சரக்கைப் பொறுத்து ரெண்டு விலை வெச்சாங்க. அது 1977 நவம்பர்லதான் ஒண்ணாச்சு, அப்ப டாலர் 16 இலங்கை ரூபாய்க்குப் பக்கம். நம்மது ஒன்பதுக்கும் கீழ. தராசு அப்படியே புரண்டிருச்சு!

நோட்டை லேமினேஷன் பண்ணிறாதீங்க. காப்பி பென்சில் (ஈரம் பட்டா மையாக் கரையுற பென்சில்) எழுத்துன்னா ஈரமும் ஆகாது.