வங்காளத்துச் சின்ன கிராமம்: நிலமும் தலைக்கணக்கும் (கேள்வி பதில்)

மேற்கு வங்கத்தில் கோபால்பூர் என்ற கிராமத்தைப் பற்றி மகளுக்குக் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். தேடினால் மூன்று இடத்தில் மூன்று மக்கள்தொகை. எதை எழுதுவது?

மூன்றும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவை மூன்று வேறு கோபால்பூர்களாக இருக்கலாம். கோபால்பூர், ராமச்சந்திரபூர், காசிபூர் போன்ற பெயர்கள் வங்காளத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு மூன்று கூட இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கில் 'கிராமம்' என்று வருவது உண்மையில் மௌஜா. அது நில அளவைக்காகக் கோடு போட்டுப் பிரித்த துண்டு. ஒவ்வொரு காவல் நிலைய எல்லைக்கும் ஒரு பட்டியல் போட்டு, அதில் மௌஜாக்களுக்கு வரிசை எண் கொடுத்தார்கள். அதுதான் ஜே.எல். எண். பெயர், காவல் நிலையம், ஜே.எல். எண் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு கிராமத்தைப் பிடிக்க முடியும். 2011 கணக்கில் தனியாக ஆறு இலக்கக் குறியீடும் உண்டு, அது கிடைத்தால் இன்னும் நல்லது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணை எடுக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

இன்னொரு சிக்கல். அங்கே உள்ளவர்கள் 'எங்கள் கிராமம்' என்று சொல்வது சில பாடாக்கள், அதாவது தெருக்கூட்டங்கள், சேர்ந்த ஊர். அது இரண்டு மௌஜாக்களில் பரவிக் கிடக்கலாம். ஊர்க்காரர் மூவாயிரம் பேர் என்பார், கணக்கு ஆயிரத்து இருநூறு என்னும். யாரும் பொய் சொல்லவில்லை.

நம்ம ஊர் வருவாய் கிராமம் மாதிரிதானே?

ஆமாம்.

ஒரு கிராமத்துக்கு மக்கள்தொகை 0 என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை. மாநிலத்தில் சுமார் 40 ஆயிரம் மௌஜாக்கள், அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஆள் குடியில்லாதவை. முழுக்க வயலாக இருக்கும், உழுகிறவர் பக்கத்து மௌஜாவில் இருப்பார்.

2011 தாளில் 'பர்தமான் மாவட்டம்' என்று இருக்கிறது. வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டமே இல்லையே?

2017 ஏப்ரலில் அதைப் பூர்வ பர்தமான், பஸ்சிம் பர்தமான் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அதே ஆண்டில் ஜார்கிராமும் காலிம்போங்கும் தனி மாவட்டம் ஆயின. அலிபுர்துவார் 2014-இல். 2011-இல் 19 மாவட்டங்கள், இப்போது 23. கிராமம் நகரவில்லை, தலைப்பு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கிராமத்தில் படித்தவர் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்தேன். அரசு சொல்வதைவிடக் குறைவாக வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

ஆறு வயது வரையிலான குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுங்கள். எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். அந்தக் குழந்தைகள் எண்ணிக்கை அதே தாளில் தனி வரியாக இருக்கும்.

2025 மக்கள்தொகை என்ன?

அப்படி ஒன்று இல்லை. 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். சில தளங்கள் 2011 எண்ணை ஏதோ ஒரு சதவீதத்தால் பெருக்கி 'தற்போதைய மக்கள்தொகை' என்று போடுகின்றன. மாநிலத்துக்கே அது சுமாரான கணிப்பு. ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில் நாற்பது பேர் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனாலே கணக்கு கவிழ்ந்துவிடும்.

வங்காளக் கிராமம் என்றால் ஏன் எங்கே பார்த்தாலும் குளம்?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தெற்கிலும் நடுவிலும் நிலம் தட்டை, ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். மழைக்காலத்தில் வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வீடு கட்ட வேண்டுமானால் முதலில் மேடு வேண்டும், மேட்டுக்கு மண் வேண்டும். பக்கத்திலேயே தோண்டுவார்கள், தோண்டிய பள்ளம் புகூர் ஆகிவிடும். வீட்டு மேடும் குளமும் இரட்டைப் பிள்ளைகள். அப்புறம் அதில் மீன் விடலாம், குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். சுற்றி வாழை, தென்னை, மூங்கில்.

நதியா மாவட்டத்தில் இன்னொரு வகை பார்க்கலாம். ஆறு தடம் மாறிப்போனால் பழைய தடத்தின் கரை மட்டும் சற்று உயரமாக நிற்கும். வீடுகள் அந்தக் கரையைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் போகும். வளைந்த பழைய ஆற்றுத் துண்டு ஏரியாக நிற்கும், அதைப் பாவோர் என்பார்கள். அங்கே 'ஊர் நடு எது' என்று கேட்டால் பதில் வராது, அந்த ஊர் ஒரு கோடு.

மேற்கே பீர்பூம், பாங்குரா பக்கம் போனால் கதை வேறு. செம்மண், சரளை, லேசான மேடு பள்ளம். வெள்ளப் பயமில்லாத இடங்களில் வீடுகள் நெருக்கிக் கட்டப்பட்டிருக்கும். குளம் அங்கேயும் உண்டு, ஆனால் பெரும்பாலும் பாசனத்துக்காக வெட்டியது. ஆகவே 'வங்காளக் கிராமத்தின் புவியியல்' என்று ஒரே பத்தி எழுதினால் பாதி மாநிலத்துக்குப் பொருந்தாது.

காசிபூர் மக்கள்தொகை சொல்லுங்கள்.

எந்தக் காவல் நிலையம்? ஜே.எல். எண் என்ன?

கோடாமாரா தீவு கடல் மட்டம் உயர்ந்ததால் மூழ்குகிறது என்கிறார்களே, உண்மையா?

ஹூக்ளி ஆற்றின் முகத்தில், சாகர் தீவுக்கு வடக்கே இருக்கிறது கோடாமாரா. 1970-களில் இருந்த பரப்பில் சுமார் பாதிதான் இப்போது மிச்சம். வெற்றிலைக் கொடிக்கால் முக்கியமான பிழைப்பு. பக்கத்தில் இருந்த லோஹாசரா என்ற தீவு முழுக்கவே போய்விட்டது. மக்கள் சாகரில் குடியேறினார்கள். கடல் உயர்வது உண்மை. ஆனால் அது மட்டும் என்று சொல்ல மாட்டேன். கழிமுகத்தில் தீவு தேய்வதும் வளர்வதும் பழைய வழக்கம். கோடாமாரா தேய்ந்த அதே காலத்தில் ஹல்தியாவுக்கு எதிரே நயாசர் வளர்ந்திருக்கிறது.

(அதே கேள்வியைத் தொடர்ந்து, நீரியல் படித்த ஒருவர்) 'பழைய வழக்கம்' என்று சொல்லி மனிதன் செய்ததை மறைக்கிறீர்கள். ஃபரக்கா அணை, துறைமுகத்துக்காகக் கால்வாயைச் சரிக்கட்டியது எல்லாம்?

மறைக்கவில்லை, அந்தப் பட்டியலில் அவையும் உண்டு. 1975-இல் ஃபரக்கா தொடங்கியதே கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பிக் கொல்கத்தா துறைமுகத்தின் வண்டலைத் தள்ளத்தான். கப்பல் வழிக்காக ஓட்டத்தைத் திருப்பினால் அது வேறெங்கோ போய் அரிக்கும். நான் சண்டை போடுவது 'ஒரே காரணம்' என்ற சொல்லோடுதான்.

(மூன்றாமவர்) அப்படியானால் யாருக்கும் பொறுப்பில்லை என்கிறீர்களா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை. காரணம் பல என்றால் பொறுப்பும் பல பேருக்கு. மால்தா மாவட்டத்தைப் பாருங்கள், அங்கே கடலே இல்லை. ஃபரக்காவுக்கு மேலே கங்கையின் இடது கரையில் பஞ்சானந்தபூர் பகுதி பெருமளவு ஆற்றோடு போனது. எதிர்ப்பக்கம் சர் நிலம், அதாவது ஆறு போட்ட மணல் திட்டு, முளைத்தது. அங்கே போய்க் குடிசை போட்டவர்களுக்குத் தாங்கள் மேற்கு வங்கமா ஜார்க்கண்டா என்பதே தகராறு. மௌஜா வரைபடத்தில் அவர்களுடைய நிலம் இன்னும் இருக்கிறது, ஜே.எல். எண்ணோடு. நிலம் ஓடும் ஆற்றுக்கு அடியில். இந்த விவாதத்தை இதோடு விட்டுவிடுவோம், வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

கூச்பிஹார் பக்கம் கணக்கெடுப்பிலேயே வராத கிராமங்கள் இருந்தன என்பது நிஜமா?

நிஜம். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள், வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள் இருந்தன. மஷால்டாங்கா போன்ற ஊர்கள் நம் எல்லைக்குள் இருந்தும் காகிதத்தில் வேறு நாடு. 2015 ஜூலை 31 நள்ளிரவில் கைமாறின. ஆகவே அந்த ஊர்களுக்கு 2011 இந்தியக் கணக்கைத் தேடாதீர்கள்.

2025 மக்கள்தொகை என்ன?

மேலே படியுங்கள்.

போல்பூர் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கலாம் என்று இருக்கிறேன். நல்ல கிராமமாகச் சொல்லுங்கள்.

நிலத் தரகு என் வேலை இல்லை. கதியான் (உரிமைப் பதிவேட்டு எண்), தாக் (மனை எண்) இரண்டையும் வாங்கி பாங்ளார்பூமி தளத்தில் பாருங்கள், அப்புறம் உள்ளூர் வக்கீலிடம் போங்கள்.

எங்கள் ஊரைக் 'கணக்கெடுப்பு நகரம்' என்று போட்டிருக்கிறார்கள். பஞ்சாயத்துதான் நடக்கிறது. எது சரி?

இரண்டும். ஐயாயிரம் பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்தவர்கள்) முக்கால் பங்கு விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால் கணக்கெடுப்பில் அது நகரம். நகராட்சி ஆக்குவது மாநில அரசின் முடிவு. மேற்கு வங்கத்தில் இப்படிப்பட்டவை 2001-இல் 252, 2011-இல் 780. அதனால் பழைய கிராமப் பட்டியலில் இருந்த ஊர் புதியதில் காணவில்லை என்றால் நகரப் பட்டியலிலும் ஒருமுறை தேடுங்கள்.