தரம் 10இல் நாடகமும் அரங்கியலும்: கூச்சமுள்ள பிள்ளை எடுக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பில் தரம் 9இல் கற்கும் என் மகள், அடுத்த ஆண்டு நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தை எடுக்க விரும்புகிறாள். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எண்ணமும் அவளுக்கு உண்டு. கூச்ச சுபாவம் உடைய பிள்ளை. மேடை ஏறியதே இல்லை. இப்பாடம் அவளுக்குப் பொருந்துமா? விஞ்ஞானக் கல்விக்கு இடையூறாகுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், பெற்றோர் பலர் அந்த அச்சத்தினாலேயே பிள்ளைகளைத் தடுத்துவிடுகிறார்கள். க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய 6 பாடங்கள் அனைவருக்கும் கட்டாயமானவை. எஞ்சிய 3 பாடங்களும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யப்படுகின்றன. நாடகமும் அரங்கியலும் என்பது சங்கீதம், நடனம், சித்திரம், இலக்கியம் முதலியவற்றோடு ஒரே தொகுதியில் இருப்பதால், தங்கள் மகள் அதை எடுக்காவிட்டாலும் அவற்றுள் வேறொன்றைக் கற்றே ஆக வேண்டும். ஆகவே, விஞ்ஞானத்துக்குரிய நேரம் இதனால் பறிபோவதில்லை. உயர்தரத்தில் அது கலைப்பிரிவுக்குரிய பாடம் என்பதனால், உயிரியல் பிரிவுக்குச் செல்லும் மாணவி இதைப் பாடமாகக் கற்கும் வாய்ப்பு இந்த இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும். இதை எடுப்பதற்கான காரணமாகவே நான் அதனைக் காண்கிறேன்.

நடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரிய பாடம் இது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது சரியன்று. எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகிய இரண்டுக்கும் பிள்ளை ஆயத்தமாக வேண்டும். நடிப்போடு எழுத்துரு, நெறியாள்கை, ஒப்பனை, வேட உடை, காட்சியமைப்பு, ஒளி, இசை ஆகியவற்றையும், நாடகங்கள் தோன்றிய வரலாற்றையும் அறிய வேண்டும். இலகுவாகப் புள்ளி எடுக்கலாம் என்று நம்பி வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

அந்த வரலாறு தங்கள் ஊரோடு பின்னிப் பிணைந்தது. வடமோடி, தென்மோடி என்னும் இரு கூத்து மரபுகளும் இன்றும் ஆடப்படுகின்ற மண் மட்டக்களப்பு. சட்டம் கொடுத்தல் (ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்து கொடுத்தல்) தொடங்கிச் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை, கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் நடத்தும் பயிற்சியே ஒரு முழுமையான அரங்கக் கல்வி. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். 1956இல் எதிரிவீர சரச்சந்திர நாடகம என்ற சிங்கள மரபிலிருந்து உருவாக்கிய ‘மனமே’ அதே வளாகத்தில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி, முறையான களப்பயிற்சிக்கு வழிவகுத்தார். பாடநூலில் இவை சில பக்கங்களாகவே தோன்றலாம். ஆனால் கூத்து ஆடப்படும் வட்ட வடிவ அரங்காகிய வட்டக்களரியைச் சுற்றி அமர்ந்து, மத்தளத்தின் தாளக்கட்டுக்கு ஆட்டம் மாறுவதை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு அப்பக்கங்களை மனனம் செய்ய வேண்டிய தேவையே இராது. விடுமுறையில் ஒரு கூத்துக்காவது மகளை அழைத்துச் செல்லுங்கள்.

கூச்சத்தைப் பொறுத்தவரை, அது தடையன்று என்று உறுதியாகச் சொல்கிறேன். நல்ல ஆசிரியர் எவரும் முதல் வாரத்திலேயே வசனத்தைக் கொடுத்துப் பிள்ளையைத் தனியாக நிறுத்துவதில்லை. அரங்க விளையாட்டுகள், குரற் பயிற்சி, குழுவாகச் செய்யும் அசைவுகள் ஆகியவற்றின் வழியே, எல்லோரும் சேர்ந்து இயங்குவதனால் எவரும் தனித்துப் பார்க்கப்படாத ஒரு சூழலில்தான் தொடக்கம் அமைகிறது. பேசத் தயங்கும் பிள்ளைகள் பலர் கூர்ந்து கவனிப்பவர்கள். பிறர் எப்படி நடக்கிறார்கள், எந்த இடத்தில் குரல் தாழ்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும், நடிப்புக்கு அடிப்படையானது அந்தக் கவனிப்பே.

எனினும், இவை அனைத்தும் ஆசிரியரைப் பொறுத்தவை. குறிப்புகளைச் சொல்லி எழுதுவித்து, செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் வகுப்புகளும் உள்ளன. அத்தகைய வகுப்பில் இருப்பதைவிட, நல்ல ஆசிரியரிடம் சங்கீதமோ சித்திரமோ கற்பது மேல். எனவே, பாடத்தெரிவுப் படிவத்தை நிரப்புமுன் பாடசாலைக்குச் சென்று சிலவற்றைக் கேட்டறியுங்கள். இப்பாடத்துக்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா? வாரத்தில் ஒரு பாடவேளையாவது மேசை, கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பயிற்சி நடைபெறுகிறதா? தமிழ்த் தினப் போட்டிக்கு நாடகம் தயாரிக்கும்போது, தெரிவு செய்யப்பட்ட சிலரைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கும் பொறுப்பு வழங்கப்படுகிறதா? மகள் தரம் 6 முதல் வேறோர் அழகியல் பாடத்தைக் கற்றிருந்தால், இப்போது மாறுவதற்குப் பாடசாலை இடமளிக்கிறதா என்பதையும் அப்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இயலுமானால் மகளையும் உடன் அழைத்துச் சென்று, தரம் 10 மாணவர்களின் ஒத்திகை ஒன்றைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதைப் பார்த்த பின்னர் முடிவை அவளே சொல்லட்டும்.