முழுநேர வேலைக்குப் போனால் வீவக வாடகை எவ்வளவு கூடும்?

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரில் பூன் லே வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) தரும் ஈரறை வாடகை வீட்டில், உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகளுடன் இருக்கிறேன். மணவிலக்கின்போது சொந்த வீட்டை விற்றோம். பகுதிநேரத் துப்புரவு வேலையில் மாதம் 780 வெள்ளி வருகிறது. அதே நிறுவனம் இப்போது 1,910 வெள்ளிக்கு முழுநேரமாக வரச் சொல்கிறது. வருமானம் 800 வெள்ளியைத் தாண்டினால் வாடகை எகிறிவிடும், போகாதே என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னும் 8 மாதம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா வீணாகப் பயமுறுத்தவில்லை. அவர் சொல்லும் ஆபத்து உண்மைதான். ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது.

வீட்டின் அளவு, வட்டாரம், குடும்ப வருமானம், முன்பு மானியத்துடன் வீடு வாங்கியிருக்கிறீர்களா என்பதையெல்லாம் பார்த்துத்தான் வாடகையை முடிவு செய்கிறார்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதே இல்லை. பல ஆண்டுகளாக இருந்துவரும் அட்டவணைப்படி, 800 வெள்ளி வரை வருமானமுள்ள முதல்முறையாளருக்கு ஈரறை வீட்டு வாடகை 44 முதல் 75 வெள்ளி. நீங்கள் விற்ற வீட்டை மானியத்துடன் வாங்கியிருந்தால், நீங்கள் இரண்டாம் முறையாளர். அதே வருமானத்துக்கு உங்களுக்கு 123 முதல் 165. வருமானம் 801க்கும் 1,500க்கும் இடையில் போனால் 240 முதல் 275.

அக்காவின் கணக்கு இங்கேதான் வருகிறது. நிறுவனம் உங்களுக்கு 850 வெள்ளி மட்டும் தருவதாக வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் கூடுவது 70. மத்திய சேம நிதி என்ற கட்டாயச் சேமிப்புக்கு 20 விழுக்காடு போக கையில் வருவது 56. வாடகையோ குறைந்தது 75 கூடும். உழைத்தும் நட்டம். ஒரே படியில் இவ்வளவு ஏற்றம் வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. சரிவாக ஏறினால் இந்தப் பயமே இருக்காது.

உங்கள் கதை வேறு. 780இல் கைக்கு வருவது 624. 1,910இல் 1,528. மாதம் 904 வெள்ளி கூடுதல். அட்டவணையின் மேல்வரம்பைத் தாண்டுவதால் வாடகை 275ஐவிடவும் கூடலாம். அப்படிக் கூடினாலும் இந்த 904ஐ அது விழுங்கிவிடாது. அப்புறம், 1,500ஐத் தாண்டினால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பேச்சும் காதில் விழும். அது கத்தி வைத்து வெட்டிய கோடு அல்ல. குடும்பச் சூழலையும் பார்த்தே வீவக முடிவெடுக்கிறது. துப்புரவாளருக்கான படிப்படியாக உயரும் சம்பள முறையில் 2025 ஜூலையில் அடிப்படைச் சம்பளமே 1,910 ஆனது. ஒருவர் சம்பாத்தியத்திலேயே பழைய 1,500 வெள்ளி வரம்பைத் தாண்டும் குடும்பங்கள் இன்று நிறைய.

வாடகை ஒப்பந்தம் பொதுவாக 2 ஆண்டுக்கு. புதுப்பிக்கும்போதுதான் வருமானத்தைப் பார்த்து வாடகையை மாற்றுவார்கள். அதுவரை 8 மாதம் பழைய வாடகையே. கூடுதல் பணத்தில் ஒரு பகுதியை இப்போதே ஒதுக்கி வையுங்கள். வாடகை உயரும்போது கை கடிக்காது.

நான் பெரிதாக நினைப்பது மத்திய சேம நிதியைத்தான். நாளை சொந்த வீடு வாங்க அந்தச் சேமிப்பு கைகொடுக்கும். முதலாளி பங்கையும் சேர்த்து இப்போது மாதம் 289 வெள்ளி போல விழுகிறது. இனி 707 போல விழும். 18 வயது அல்லது அதற்குக் குறைந்த பிள்ளை உள்ள இரண்டாம் முறை வாடகைக் குடும்பங்களுக்குப் புதிய தொடக்க வீடமைப்புத் திட்டம் இருக்கிறது. அதன் மானியத்தை 50,000இலிருந்து 75,000 வெள்ளியாக உயர்த்துவதாக 2025இல் அறிவித்தார்கள். குறுகிய குத்தகைக் காலம் கொண்ட வீட்டை வாங்க அது உதவும். நிலையான வேலை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மகள் இப்போதுதான் உயர்நிலை ஒன்று, உங்களுக்கு இன்னும் சில ஆண்டு அவகாசம் இருக்கிறது.

வருமானத்தைக் குறைத்துக் காட்டும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்த் தகவலால் இருக்கும் வீடும் போகலாம். நாளை வேலை போய்விட்டாலோ சம்பளம் குறைந்தாலோ, நிலுவை சேரும்வரை காத்திருக்காமல் உடனே சம்பளச் சீட்டுடன் உங்கள் வீவக கிளைக்குப் போய் வாடகையைக் குறைக்கக் கேளுங்கள். சாப்பாட்டுச் செலவுக்கோ மின்கட்டணத்துக்கோ உதவி வேண்டுமென்றால் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போங்கள்.