ப்ளஸ் ஒன் படித்த எனக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவை: கேள்வி பதில்

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் நான்காம் ஆண்டை முடிக்கிறேன். சிவதாபுரம் பக்கம் வீடு. அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. நான் ப்ளஸ் ஒன் படித்தது 2020-21இல், கொரோனா வருஷம். பரீட்சையே எழுதாமல் எல்லோரும் பாஸ். அந்த ஆல் பாஸுக்கான வட்டியைக் கல்லூரியில் முதல் செமஸ்டரில் கட்டினேன். தம்பி தங்கைகள் கேளுங்கள், இன்று சாயங்காலம் முழுக்க இருக்கிறேன். நீட் மட்டும் வேண்டாம், அது என் ஏரியா இல்லை.

கேள்வி: அக்கா, ப்ளஸ் ஒன்ல இருந்த உங்களை இப்ப நேர்ல பார்த்தா என்ன சொல்வீங்க?

கணக்கு இரண்டாம் தொகுதியைத் திற என்பேன். அவ்வளவுதான்.

சொன்னால் நம்ப மாட்டாய். கல்லூரியில் எங்களுக்கு முதல் கணக்குப் பேப்பர் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்'. இரண்டாவது மாதம் சார் பலகையில் ஒரு தொகையிடல் கணக்கை எழுதினார். இரண்டாம் வரியில் 'பை பார்ட்ஸ்' என்று வாயால் சொல்லிவிட்டு நேரே நான்காம் வரிக்குப் போய்விட்டார். முன் பெஞ்சில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அன்றைக்கு எனக்கு அந்தக் கணக்கும் தெரியாது, பை பார்ட்ஸ் என்றால் நம் புத்தகத்தில் இருக்கும் பகுதித் தொகையிடல்தான் என்பதும் தெரியாது. ரிசல்ட்டில் கணக்குக்கு நேரே அரியர்.

வீட்டுக்கு வந்து பரணில் தேடினேன். ப்ளஸ் ஒன் கணக்கு முதல் தொகுதியின் கடைசிப் பக்கங்களில் அம்மா பால் கணக்கு எழுதி வைத்திருந்தார். இரண்டாம் தொகுதி புத்தம் புதுசு. முதுகு மடங்கவே இல்லை, விரித்தால் கடகடவென்று சத்தம் வந்தது. அணிகளும் அணிக்கோவைகளும், எல்லை, வகையிடல், தொகையிடல் என்று நான் தோற்ற பேப்பரின் அடித்தளம் அத்தனையும் அந்த ஒரே புத்தகத்தில் வரிசையாக இருந்தது. ப்ளஸ் டூ புத்தகம் இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். கல்லூரியும் அப்படித்தான்.

கேள்வி: எனக்கு மொத்தம் 538 வரும்னு நினைக்கிறேன், ஆனா கட்ஆஃப் குறைவா இருக்குன்னு சொல்றாங்க. எப்படி?

பொறியியல் சீட்டுக்கு வரிசை போடும் மார்க்குதான் கட்ஆஃப். அதில் கணக்கு 100க்கு அப்படியே. இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு. ஆக 200. தமிழ், ஆங்கிலம், நான்காவது பாடம் எதுவும் கட்ஆஃபில் சேராது.

நீ கணக்கில் 72, இயற்பியலில் 85, வேதியியலில் 88 வாங்கி, மற்ற மூன்றிலும் 98, 98, 97 என்று அள்ளினால் மொத்தம் 538. கட்ஆஃப் 72, 42.5, 44 சேர்த்து 158.5. பக்கத்து வீட்டுப் பெண் கணக்கில் 95, இயற்பியலில் 85, வேதியியலில் 84, மற்றவற்றில் 80, 76, 85. மொத்தம் 505தான். கட்ஆஃப் 179.5. உன்னைவிட 33 மார்க் குறைந்தவள் உனக்கு முன்னால் நிற்பாள். கட்ஆஃப் சமமாக வந்தாலும் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர் போன் நம்பரைக் கொடுக்காதே. உன்னுடையது இல்லையென்றால் அம்மாவுடையது. நான் கொடுத்தேன். எந்தக் கல்லூரி வேண்டும் என்ற சாய்ஸைப் பூட்ட வேண்டிய நாளில் கடைக்கார அண்ணன் மச்சான் கல்யாணத்துக்கு ஆத்தூர் போய்விட்டார். ஓடிபி அவர் பாக்கெட்டில், நான் சேலத்தில். மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் எண்ணைப் படிக்க, எனக்கு ஆறா ஒன்பதா என்று கேட்காமல் மூன்று முறை தப்பாகப் போட்டேன்.

கேள்வி: 165 கட்ஆஃபுக்கு எந்தக் காலேஜ் கிடைக்கும் அக்கா?

போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகப் பிரிவுக்கு எத்தனை கட்ஆஃபில் முடிந்தது என்பது டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது. பார்.

கேள்வி: பத்தாவது முடிச்சிருக்கேன். அரசுப் பள்ளி. ப்ளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்க்கலாம்னு அப்பா சொல்றார். போகலாமா?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அப்பாவும் இதையேதான் யோசித்தார். வட்டிக்கு வாங்கவும் தயாராக இருந்தார்.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 2021இல் வந்தது. சீட்டோடு முடிந்துவிடவில்லை, கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ப்ளஸ் ஒன்னில் தனியாருக்குப் போனால் அது போச்சு. ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்ததும் கணக்கில் வராது. பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண், பையனாக இருந்தால் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதுவும் அரசுப் பள்ளியை ஒட்டியதுதான். புதுமைப்பெண் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்த வருஷம்தான் நான் கல்லூரிக்குள் நுழைகிறேன். பஸ் பாஸ், ஜெராக்ஸ், ஐந்து ரோட்டில் தோழிகளோடு தட்டுவடை செட் எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

இரண்டு வருஷ ஹாஸ்டல் பீஸ், பிறகு நான்கு வருஷக் கல்லூரிக் கட்டணம். இதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டு. அதன் பிறகும் போகலாம் என்றால் போ, தப்பில்லை. தெரியாமல் போகாதே.

கேள்வி: எங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் பப்ளிக் எடுத்துட்டாங்கன்னு, ஆகஸ்ட்லயே ப்ளஸ் டூ பாடம் ஆரம்பிச்சாங்க. நல்லதுதானே?

இல்லை. ப்ளஸ் ஒன்னுக்கு 2017-18இல் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான். 2025-26இல் அந்தத் தேர்வை ரத்து செய்தார்கள், பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை குறைந்தது எனக்கும் சந்தோஷம்தான். பரீட்சையோடு புத்தகத்தையும் தூக்கிப் போடுவதுதான் கோபம். பள்ளியில் நடத்தாவிட்டால் நீயே வாரம் இரண்டு பயிற்சிக் கணக்காவது போடு.

கேள்வி: தங்கச்சி, நான் மூணாம் வருஷம் மெக்கானிக்கல். நீங்க சொல்ற அதே மாதிரி ஸ்கூல்ல பப்ளிக் இருந்தும் ப்ளஸ் ஒன் பாடத்தைப் பேருக்கு நடத்திட்டு, ரெண்டு வருஷமும் ப்ளஸ் டூவையே படிச்சவன். கட்ஆஃப் 190க்கு மேல. ஒரு அரியர் கிடையாது. உங்க கதை கொரோனா கதை. சின்னப் பசங்களைப் பயமுறுத்தாதீங்க.

அண்ணா, மூன்றாம் வருஷம் என்றால் நீங்கள்தான் எனக்குத் தம்பி. பரவாயில்லை, அண்ணா என்றே வைத்துக்கொள்கிறேன்.

ப்ளஸ் ஒன் பாடம் சரியாகத் தெரியாமல் வகையிடல் போட்டீர்களா?

கேள்வி: முதல் செமஸ்டர்ல படிச்சுக்கிட்டேன். ரெண்டு வாரம் போதும். முதல்ல நல்ல காலேஜ்ல சீட் வாங்கணும், மத்ததெல்லாம் அப்புறம். கட்ஆஃப் இல்லாம அடித்தளத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?

கடைசி வரியில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் மேலே கணக்குக்கு 72, 95 என்று அத்தனை பெரிய கணக்குப் போட்டேன்.

ஆனால் அந்த இரண்டு வாரம் யாருக்கு? வகுப்பு, லேப், ரெக்கார்டு, அசைன்மென்ட் எல்லாம் ஆங்கிலத்தில். நான் அப்போதுதான் ஃபங்ஷன் என்றால் சார்பு, லிமிட் என்றால் எல்லை என்று நோட்டின் பின் அட்டையில் அகராதி எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கில வழியில் படித்தவருக்கு இரண்டு வாரம் ஆகும் வேலை, தமிழ் வழியில் வந்தவளுக்கு இரண்டு மாதம்.

கேள்வி (வேறொருவர்): அந்த அண்ணனும் நானும் ஒரே கிளாஸ். ரெண்டு வாரம் இல்ல, பொங்கல் லீவு பூரா ரூம்ல உக்காந்து யூடியூப் பார்த்தான்.

ஓ.

கேள்வி (மெக்கானிக்கல்): சரி, மூணு வாரம். அதுக்கென்ன இப்ப? பாஸ் பண்ணேன்ல?

பாஸ் பண்ணீர்கள், வாழ்த்துகள். அந்தப் பொங்கலை ஊரில் கழித்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. இதோடு விடுவோம், பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

கேள்வி: 172 கட்ஆஃப், சேலத்திலேயே கிடைக்குமா?

மேலே 165க்குச் சொன்ன பதில்தான்.

கேள்வி: ஏற்காட்டுக்கு மேல எங்க ஊர். எஸ்டி. ப்ளஸ் டூ இப்பதான் முடிச்சேன். தினமும் கீழே வந்து போக முடியுமா அக்கா?

வேண்டாம் பாப்பா, விடுதி எடு. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடி சாயங்காலம் ஏறி, அதன் பிறகு உன் ஊருக்கு இன்னொரு வண்டி. லேப் ஐந்து மணிக்கு முடியாத நாளில் என்ன செய்வாய்? என் வகுப்பில் மலையிலிருந்து வந்தவள் முதல் மாதம் முயன்று பார்த்தாள். காலையில் முதல் பீரியட் பூரா ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்குவாள், பாவம். அப்புறம் விடுதிக்கு வந்துவிட்டாள்.

அதைவிட அவசரம் சாதிச் சான்றிதழ். பிசி, எம்பிசிக்குத் தாலுகா அலுவலகத்தோடு வேலை முடியும். எஸ்டிக்குக் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும், விசாரணை உண்டு, நாள் பிடிக்கும். உன்னிடம் இல்லையென்றால் நாளைக்கே இ-சேவையில் போடு. வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் சேர்த்துப் போடு. அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்ததும் திரும்பக் கேட்டு வாங்கு.

போன் நம்பர் உன்னுடையதா என்றும் பார்த்துக்கொள்.

கேள்வி: என் பையன் பத்தாவது. பாலிடெக்னிக் போறேன்னு அடம் பிடிக்கிறான். ப்ளஸ் டூ படிச்சாத்தான் மரியாதைன்னு நான் நினைக்கிறேன்.

ஐயா, போகட்டும். மூன்று வருஷம் டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். என் லேப் பார்ட்னர் அப்படி வந்தவன்தான். நாங்கள் சால்டரிங் அயர்னைப் பிடிக்கப் பயந்துகொண்டிருந்தபோது அவன் போர்டையே முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். கணக்கில் மட்டும் என்னைவிட மோசம். மாறி மாறிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டோம்.

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கல, பயாலஜி. சிஎஸ்இ கிடைக்காதா?

கிடைக்கும். கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருந்தால் போதும், நான்காவது பாடத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: பி.காம் எங்க நல்லா இருக்கும்?

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பமே தனி. பி.காம் படிக்கும் அக்கா யாரையாவது பிடி.

கேள்வி: லவ் பண்ணலாமா அக்கா?

அரியர் இல்லாமல் பண்ணு.

கேள்வி: 158 கட்ஆஃப்...

சாமி, மேலே போய்ப் படியுங்கள். இனி கட்ஆஃப் எண்ணோடு வரும் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி: பை பார்ட்ஸ்ல எதை முதல்ல எடுக்கணும்னு எனக்குக் குழம்புது. ப்ளஸ் ஒன் தான்.

அப்பாடா, வந்தாயா! வகையிட்டால் எது எளிதாகிறதோ அதை முதலில் எடு. எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ் என்று வைத்துக்கொள். எக்ஸை வகையிட்டால் 1 ஆகிவிடும், தொல்லை விட்டது. சைனைத் தொகையிட்டால் மைனஸ் காஸ். விடை மைனஸ் எக்ஸ் காஸ் எக்ஸ், கூட்டல் சைன் எக்ஸ், கூட்டல் மாறிலி. இதையே திருப்பி, சைனை முதலில் எடுத்தும் ஒரு முறை போட்டுப் பார். எக்ஸ் வர்க்கமாகி, கணக்கு கொழுத்துக்கொண்டே போகும். ஏன் அப்படி எடுக்கக் கூடாது என்பது அப்போது கைக்கே தெரியும். போட்டு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

கேள்வி: அக்கா, நான் நேத்தே அப்ளை பண்ணிட்டேன். கடைக்காரர் நம்பர்தான் கொடுத்திருக்கேன். பாஸ்வேர்டும் அவர்கிட்டதான் இருக்கு.

மணி ஏழரை. கடை மூடுவதற்குள் ஓடு. பாஸ்வேர்டை வாங்கி நோட்டில் எழுது, நம்பரை மாற்ற முடியுமா என்று அங்கேயே பார். முடியாவிட்டால் காலையில் டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போய்ச் சொல். அவர் மச்சானுக்குக் கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டு வா.